சிலாப் அடியில் கெமிக்கல் ஆங்கர்: தொங்கும் பைப் ரேக்குக்கு நம்பலாமா? (கிருஷ்ணகிரி)

பர்கூர்க்காரன்
எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பெங்களூரா மாங்காய் வரத்து சூடு பிடிக்கிறதுக்குள்ள ஸ்டீம் லைன், கூழ் லைன், சில்லர் தண்ணி லைன் மூணையும் ஒரே ரேக்கில் போட்டு சிலாப் அடியில் தொங்கவிடணும். சிலாப் 150 மி.மீ., டிராயிங்கில் எம்25 தரக் காங்கிரீட். பைப் நிறைஞ்சிருக்கும்போது ஒரு ஹேங்கருக்கு சுமார் 800 கிலோ வருது. ஹேங்கருக்கு ஒரு பேஸ் பிளேட், 100-க்கு 100 இடைவெளியில் நாலு எம்12 திரெட் ராட், 110 மி.மீ. ஆழம், கெமிக்கல் போட்டு ஒட்டலாம்னு திட்டம். ஒரு ஹேங்கர் மட்டும் லிஃப்ட் ஷாஃப்ட் ஓரத்துல வருது, போல்ட்டிலிருந்து ஓரம் 70 மி.மீ. தான்.

மேல் மாடி பேக்கிங் ஹால். தரையை உடைச்சு, சிலாப்பை ஊடுருவிப் போற த்ரூ போல்ட் போட மேனேஜ்மென்ட் ஒத்துக்கல. கடைக்காரர் கொடுத்த பேப்பரில் ஒரு எம்12 ராட் 3 டன்னுக்கு மேல இழுக்கும்னு போட்டிருக்கு. பின்னாடி அதே பிளேட்டில் அரை டன் செயின் ஹாய்ஸ்ட் மாட்டணும்னும் கேக்கறாங்க. போடலாமா?

ஓசூர் ஃபேப்
நாலு போல்ட், போல்ட்டுக்கு 3 டன், ஆக 12 டன். உங்க லோடு முக்கால் டன் சொச்சம். பதினைஞ்சு மடங்கு கையில இருக்கு, இதுல என்ன யோசனை? சிப்காட்ல எத்தனை ஷெட்டுல போட்டிருக்கோம். தைரியமா போடுங்க தம்பி.

கடைசி பெஞ்ச் சிவில்
சார், நம்ம காங்கிரீட் விதிநூல் ஐஎஸ் 456-ல எம்25-க்கு பாண்ட் ஸ்ட்ரெஸ் (கம்பி ஒட்டிப் பிடிக்கிற பலம்) 1.4, முறுக்குக் கம்பிக்கு 60 சதவீதம் கூட்டினா சதுர மி.மீ.-க்கு 2.24 நியூட்டன். அதை வச்சு 110 மி.மீ.-க்குக் கணக்குப் போட்டா ஒரு ராடுக்கு சுமார் 9.3 கிலோ நியூட்டன் வருது (1 கிலோ நியூட்டன்னா சுமார் 100 கிலோ எடை). அப்பவும் நாலுக்கு 37. போதும்தானே?

கணக்கு மேசை
தம்பி, அந்த 2.24 காங்கிரீட்டோடு சேர்த்து வார்த்த கம்பிக்கு, பக்கத்தில் இன்னொரு கம்பி அந்த இழுவிசையை வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் வைத்த எண். ரீபாரிங் செய்து, அதாவது பழைய காங்கிரீட்டில் புதுக் கம்பி ஒட்டி, தூணை நீட்டும்போது அந்த வழி சரி. இங்கே பிளேட்டிலிருந்து வரும் இழுவை காங்கிரீட்டின் சொந்த இழுவலிமையில்தான் நிற்கணும். வாங்கிக்கொள்ள வேறு கம்பி இல்லை.

இழுவிசைக்கு ஆங்கர் கணக்கு என்றால் எந்தெந்த வழியில் விட்டுப்போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எது குறைவோ அதை எடுப்பது. ராட் அறுகலாம். காங்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வரலாம். பசை ஓட்டைச் சுவரை விட்டு வழுக்கலாம். ஓரமோ தடிமனோ போதாமல் காங்கிரீட் பிளக்கலாம். கடைப் பேப்பரில் இருக்கும் 3 டன் எதைச் சொல்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் விரிசலில்லாத காங்கிரீட், ஒற்றை போல்ட், ஓரம் எதுவும் பக்கத்தில் இல்லை, சில நிமிடம் இழுத்தது.

ஒரு உதாரணக் கணக்கு போடுகிறேன். ஐரோப்பிய ஆங்கர் விதிநூல் (கோடு) ஈஎன் 1992-4 வழியில். எம்25 என்பது நாம் கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் வலிமை, அவர்கள் சிலிண்டரை நசுக்கிப் பேசுவார்கள், அதனால் 20 என்று எடுத்துக்கொள்கிறேன். சிலாப் அடிப்பாகம் இழுவைப் பக்கம், அங்கே மயிரிழை விரிசல் இருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ளணும். விரிசல் உள்ள காங்கிரீட்டில் பசையின் ஒட்டுவலிமை சதுர மி.மீ.-க்கு 5 நியூட்டன், இல்லாததில் 10 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பொருளுக்கு உண்மையான எண் அதன் மதிப்பீட்டு அறிக்கையில் இருக்கணும்.

5.8 தர எம்12 ராட்: 84.3 சதுர மி.மீ. பரப்பு, 500 வலிமை, 42 கிலோ நியூட்டன். 1.5-ஆல் வகுத்தால் 28. ராடில் பிரச்சினையே இல்லை.

கூம்பு, ஒற்றை போல்ட்: 7.7 பெருக்கல் 20-இன் வர்க்கமூலம் பெருக்கல் 110-இன் ஒன்றரை அடுக்கு. 39.7 கிலோ நியூட்டன் வருது. (அடுக்கு ஏன் இரண்டாக இல்லாமல் ஒன்றரை என்று மாணவர் கேட்பார். கூம்பின் பரப்பு ஆழத்தின் இருமடி அடுக்கில் கூடுது. ஆனால் ஆழம் கூடக்கூட காங்கிரீட்டின் சராசரித் தாங்கல் குறையுது. ஃபூக்ஸ், எலிகெஹௌசன், ப்ரீன் மூவரும் 1995-இல் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள், இன்று எல்லா கோடும் அதன் மேல்தான் நிற்குது.)

பசை, ஒற்றை போல்ட்: பை பெருக்கல் 12 பெருக்கல் 110 பெருக்கல் 5, ஆக 20.7. இங்கேதான் கவனம். உங்கள் பைப் 24 மணி நேரமும் தொங்குது. தொடர்ச் சுமைக்கென்று தனியாகச் சோதித்த எண் அறிக்கையில் இல்லை என்றால் 0.6-ஆல் பெருக்கச் சொல்லுது கோடு. 12.4. மேலே ஓட்டை போடுவது, ஈரம் எல்லாம் சேர்ந்த பாதுகாப்புக் காரணி 1.8 என்று வகுத்தால் 6.9 கிலோ நியூட்டன். ராட் 28, பசை 6.9. ஃபேப் அண்ணன் சொன்ன 3 டன் எங்கே போச்சு என்று பாருங்கள்.

நாலு போல்ட் என்றால் நாலு மடங்கா? இல்லை. 100 மி.மீ.-க்குள் நாலும் ஒரே காங்கிரீட்டைப் பங்கு போடுது. பசைக்கான தாக்கப் பரப்பு ஒரு போல்ட்டுக்கு 215 மி.மீ. சதுரம், நாலும் சேர்ந்தால் 315 மி.மீ. சதுரம். விகிதம் 2.15 தான். கூட்டத்துக்கான சலுகைக் காரணி 1.2 சேர்த்தால் மொத்தம் சுமார் 17.8 கிலோ நியூட்டன். கூம்பும் பார்த்தேன், அது 37-க்கு மேல் வருது, ஆக பசைதான் ஆளுது. ஷாஃப்ட் ஓரத்து ஹேங்கருக்கு 70 மி.மீ. ஓரம் என்பதால் அது 14-க்கு இறங்குது.

உங்கள் சுமை 8, நம் ஊர்க் காரணி 1.5 போட்டால் 12. உள்ளே இருக்கும் ஹேங்கர் நிற்கும். ஓரத்து ஹேங்கர் 12-க்கு 14. பிளேட் மெலிதாக இருந்து வளைந்தால் நெம்பும் விசை கூடும், சுமை மையம் விலகினால் ஒரு பக்கத்துப் போல்ட்டுகளே எல்லாம் தூக்கும். அந்த 2 கிலோ நியூட்டன் இடைவெளியை அது சாப்பிட்டுவிடும்.

இது எல்லாம் ஒட்டுவலிமை 5 உள்ள, முறையாக மதிப்பிட்ட பசைக்கு. அறிக்கையே இல்லாத கார்ட்ரிட்ஜ் (பசைக் குழாய்) என்றால் என்னிடம் கணக்கு கிடையாது.

ஹாய்ஸ்ட்டை மறந்துடுங்கள். அதிர்ச்சியும் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையும் தனி மதிப்பீடு. இந்தக் கணக்கு அதைத் தொடாது.

ஓசூர் ஃபேப்
சார், புத்தகத்துல ஆயிரம் இருக்கும். நாங்க போட்ட இடத்துல புல் டெஸ்ட் எடுத்து காட்டிருக்கோம். 2 டன் ஜாக்ல இழுத்தோம், அஞ்சு நிமிஷம் பிடிச்சோம், மயிரளவுகூட நகரல. கண்ணால பார்த்ததை நம்பறதா, 0.6 0.7-ன்னு குறைச்சுக்கிட்டே போறதை நம்பறதா?

கணக்கு மேசை
டெஸ்ட் எடுத்தது நல்ல வேலை அண்ணா. ஓட்டையைச் சுத்தம் பண்ணாமல் விட்டது, கெட்டிப்படாதது, ஆழம் குறைந்தது எல்லாம் அதில் பிடிபடும். பிடிபடாதது ஒன்று உண்டு.

மே மாத வெயிலில் தார் ரோட்டை சுத்தியால் அடித்தால் கை வலிக்கும், அதே ரோட்டில் லோடு லாரியை ராத்திரி முழுக்க நிறுத்தினால் டயர் பதிந்திருக்கும். ரெசினுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. நீடித்த இழுப்பில் மெல்ல மெல்ல நீளும், சூட்டில் இன்னும் வேகமாக. அஞ்சு நிமிட டெஸ்ட்டில் அது தெரியாது.

பாஸ்டனில் 2006 ஜூலை 10 அன்று சுரங்கச் சாலைக்குள் கூரைக் காங்கிரீட் பலகைகள் ஓடுகிற கார் மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். அந்தப் பலகைகள் கெமிக்கல் ஆங்கரில்தான் தொங்கின. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007-இல் கொடுத்த அறிக்கை, சீக்கிரம் கெட்டிப்படும் வகை எபாக்ஸிக்குத் தொடர்ச் சுமையில் நீளும் குணம் இருந்ததையே காரணமாகச் சொன்னது. அங்கேயும் போட்டபோது இழுத்துப் பார்த்தார்கள். 1999-லேயே சில ஆங்கர்கள் கீழே இறங்கியிருப்பதைக் கண்டும், ஏன் இறங்குது என்பதைக் கடைசி வரை தீர்க்கவில்லை. ஜப்பானில் சசாகோ சுரங்கத்தில் 2012 டிசம்பர் 2, 9 பேர் போனார்கள். அங்கேயும் கூரைப் பலகையைப் பிடித்திருந்தவை பசை ஆங்கர்களே.

அமெரிக்கக் கோடு ஏசிஐ 318-இன் 2011 பதிப்பில்தான் பசை ஆங்கருக்கு இடம் கிடைத்தது. தொடர் இழுவைக்கு மட்டும் தனிச் சோதனை: ஒற்றைப் போல்ட்டின் ஒட்டுவலிமையில் 0.55 பங்குக்கு மேல் நிலையான சுமை ஏற்றக் கூடாது. மேல்நோக்கியோ படுக்கையாகவோ தொடர்ச் சுமைக்குப் போடுபவர் சான்று பெற்ற ஆளாக இருக்கணும், போடும்போது முழு நேரமும் ஒருவர் கூட நின்று பார்க்கணும். காங்கிரீட்டுக்கு வயது 21 நாளாவது ஆகியிருக்கணும். மதிப்பிட்ட பொருளாக இருந்தும் அதன் எண் கையில் இல்லை என்றால், உள்ளறையில் விரிசல் உள்ள காங்கிரீட்டுக்கு 2.1 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.-க்கு 2.1 நியூட்டன்தான்) எடு, தொடர்ச் சுமை என்றால் அதையும் 0.4-ஆல் பெருக்கு என்கிறது. 0.84 ஆச்சு. எம்12, 110 ஆழத்துக்கு 3.5 கிலோ நியூட்டன்கூட முழுசாக வராது.

சைட் மேஸ்திரி தருமபுரி
கணக்கு எனக்குத் தெரியாது, போடற விஷயம் சொல்றேன். எம்12-க்கு 14 பிட். ஹேமர் டிரில்ல துளைச்சா உள்ள மாவு மாதிரி தூசி ஒட்டியிருக்கும். சில பசங்க வாயால ஊதிட்டு, சாம்பல் கலர் பவுடர் மூஞ்சில அப்பிக்கிட்டு வேலை முடிஞ்சதுன்னு நிப்பாங்க. பம்பால ரெண்டு தடவை ஊதணும், கம்பி பிரஷ் உள்ள விட்டு ரெண்டு தடவை தேய்க்கணும், மறுபடி ரெண்டு தடவை ஊதணும். சில கம்பெனிப் பேப்பர்ல நாலு நாலா போட்டிருக்கும், அதுல சொன்னதுதான் கணக்கு. பிரஷ் ஓட்டைல இறுக்கமா போகணும். லூசா ஆடுச்சுன்னா பிரஷ் தேய்ஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுடுங்க. தேய்ச்சபிறகு ஊதறப்ப வர்ற தூசியைப் பார்த்தாதான் முதல்ல ஊதினது எவ்வளவு போதலன்னு தெரியும்.

கார்ட்ரிட்ஜ் நாசில் மாட்டினதும் முதல்ல வர்றது ரெண்டு கலர்ல வரி வரியா இருக்கும். ஒரே சீரான கலர் வர்ற வரைக்கும் வெளிய தள்ளி வீணாக்கணும். இதை வீணாக்க மனசு வராம ஓட்டைல விடறவங்கதான் அதிகம்.

தலைக்கு மேல போடறது தனி வித்தை. நாசில் நுனில பிஸ்டன் பிளக் போட்டு ஓட்டையோட அடியிலிருந்து, அதாவது மேல் முனையிலிருந்து நிரப்பிக்கிட்டு வரணும். பசையே நாசிலைக் கீழ தள்ளும். இல்லன்னா நடுவுல காத்து மாட்டிக்கும், வெளிய பார்த்தா பசை வழிஞ்சு அழகா இருக்கும், உள்ள பாதி காலி. ராடைச் சுத்திக்கிட்டே ஏத்தி, ஆப்பு வச்சு நிறுத்தணும். கெட்டியாகறதுக்குள்ள கை வைக்கக் கூடாது.

வெயில் காலத்துல கார்ட்ரிட்ஜை வண்டி டேஷ்போர்டுல வைக்காதீங்க. 25 டிகிரிக்குள்ள வைக்கச் சொல்லி மேலயே போட்டிருக்கும். நான் ஒரு சைட்ல பக்கத்து இளநீர்க் கடை ஐஸ் பெட்டில வச்சு எடுத்தேன். 40 டிகிரில நாசில்குள்ளயே கெட்டியாயிடும், அப்புறம் புது நாசில்.

கரும்பாறை
டிராயிங்ல எம்25 இருக்குன்னா சிலாப்பும் எம்25 இருக்குன்னு அர்த்தம் இல்லீங்க. டெஸ்டிங் லேப்ல வேலை பார்க்கறவன் சொல்றேன். ரீபவுண்ட் ஹேமர் (தட்டிப் பார்த்து வலிமை ஊகிக்கிற கருவி) ஒரு ஓட்டம் பாருங்க, சந்தேகம் வந்தா கோர், அதாவது உருளைத் துண்டு, வெட்டி எடுங்க. ஐஎஸ் 456 சொல்றது: கோர் சராசரி அந்தத் தரத்தோட வலிமையில 85 சதவீதமாவது இருக்கணும், ஒண்ணுகூட 75-க்குக் கீழ போகக் கூடாது. அப்புறம் ஸ்கேனர் வச்சு கம்பி எங்க ஓடுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு துளைங்க. 150 சிலாப்ல 110 ஆழம் போறீங்க, மேல 40 தான் மிச்சம். பிட் கொஞ்சம் அதிகமா போனா பேக்கிங் ஹால் தரையில் கிண்ணம் மாதிரி பேத்துக்கும்.

நம்ம ஊர் கருங்கல் ஜல்லில ஹேமர் பிட் இழுத்துக்கிட்டுப் போகும்னு சில பேர் டைமண்ட் கோர் போடறாங்க. சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பா ஆயிடும், மேல ஈரச் சேறு வேற. அந்த முறைக்கு மதிப்பிட்ட பசைன்னா மட்டும் போடுங்க.

பர்கூர்க்காரன்
பெரிய நன்றி எல்லாருக்கும். ரெண்டு விஷயம் பார்த்துட்டு வந்தேன். ஒண்ணு, கெட்டில் (கூழ் காய்ச்சற அண்டா) ஓடும்போது சிலாப் அடியில் தெர்மாமீட்டர் வச்சேன், 48 டிகிரி. ஆவி ஒட்டி தண்ணி சொட்டுது. ரெண்டு, கார்ட்ரிட்ஜ் பேப்பரை முழுசாப் படிச்சேன். பாலியெஸ்டர் வகை. விரிசல் காங்கிரீட்னு ஒரு வார்த்தை இல்ல. வெப்பம் பத்தி எதுவுமே இல்ல.

கணக்கு மேசை
அப்போ அந்தப் பொருள் இந்த வேலைக்கு இல்லை. நல்ல பொருளின் அறிக்கையில் வெப்பநிலை வரிசை இரண்டு எண்ணாக இருக்கும்: நீண்ட காலத்துக்கு 24, கொஞ்ச நேரத்துக்கு 40 என்று ஒரு வரிசை, 50-க்கு 80 என்று அடுத்தது. சூடு கூடக்கூட ஒட்டுவலிமை எண் இறங்கும். சீசன் முழுக்க 48 டிகிரி நிற்கும் இடம் உங்களுக்கு இரண்டாவது வரிசை. நான் மேலே போட்ட 5 அங்கே நிற்காமலும் போகலாம்.

எபாக்ஸியோ வினைலெஸ்டரோ, விரிசல் காங்கிரீட்டுக்கும் மேல்நோக்கி நிறுவுவதற்கும் தொடர்ச் சுமைக்கும் அந்த வெப்பத்துக்கும் சேர்த்து மதிப்பிட்டது கிடைத்தால் மறுபடி கணக்குப் போடலாம். ஆனால் நேராகச் சொல்கிறேன்: சூடு, ஈரம், 24 மணி நேரத் தொங்கல், கீழே ஆட்கள். இந்த நாலும் சேர்ந்த இடத்தில் பசையை நான் முதல் தேர்வாக எடுக்க மாட்டேன்.

ஓசூர் ஃபேப்
48 டிகிரின்னு முதல்லயே சொல்லியிருந்தா நானும் போடுங்கன்னு சொல்லியிருக்க மாட்டேன் தம்பி.

ஒரு யோசனை. சிலாப்பை விட்டுடுங்க. பீம் எவ்வளவு தூரத்துக்கு ஒண்ணு வருது? பீமோட பக்கவாட்டுல த்ரூ போல்ட் போடலாமே. இந்தப் பக்கம் ஒரு ஆங்கிள், அந்தப் பக்கம் ஒரு பிளேட், நடுவுல பீமைத் துளைச்சு போல்ட். ரெண்டு பீமுக்கு இடையில ஒரு சேனல் போட்டு ரேக்கை அதுல தொங்கவிடுங்க. மேல தரையைத் தொடவே வேணாம். போல்ட் இழுவைல இல்ல, ஷியர்ல, அதாவது குறுக்கே வெட்டற விசைல நிக்குது.

பர்கூர்க்காரன்
அண்ணா, பீம் 3 மீட்டருக்கு ஒண்ணு, 230-க்கு 450. இது எங்க யாருக்கும் தோணல!

கணக்கு மேசை
அண்ணன் சொன்னதுதான் வழி. பசைக்கு அங்கே வேலையே இல்லை, சூடும் நீளலும் கேள்வியில் வராது. ஓட்டையை பீமின் நடு உயரத்துக்கு அருகே வையுங்கள். அடிக்கம்பிக்குப் பக்கத்தில் வேண்டாம், ஸ்கேன் பண்ணி வளையக் கம்பிகளுக்கு நடுவில் விழும்படி பாருங்கள். தூணுக்கு ஒட்டிய பகுதியில் பீமின் ஷியர் அதிகம், அங்கே துளைக்க வேண்டாம். 3 மீட்டர் சேனலில் இரண்டு ஹேங்கர் உட்கார்ந்தால் அதன் வளைவும் முனை விசையும் பார்க்கணும், அதைவிட முக்கியம் பீம் இந்தக் கூடுதல் பாரத்துக்குத் தாங்குமா என்பது. டிராயிங் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஹாய்ஸ்ட்டையும் அப்போது சேர்த்தே பேசலாம், தனி சேனலில்.

ஷாஃப்ட் ஓரத்து ஹேங்கர் சேனல் நீளத்துக்குள் நகர்ந்து வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கடைசி பெஞ்ச் சிவில்
சார், ஷியர்னா ஆங்கருக்கு ஓரம் பார்க்கணும்னு படிச்சிருக்கேன். பீம் அடி விளிம்பு பக்கம் காங்கிரீட் பேத்துக்காதா?

கணக்கு மேசை
சரியான கேள்வி. சுமை கீழ்நோக்கி இழுக்குது, அடி விளிம்புதான் அந்தத் திசையில் இருக்கும் ஓரம். நடு உயரத்தில் வைத்தால் 200 மி.மீ.-க்கு மேல் கிடைக்கும், எம்16 போல்ட்டுக்கு அது தாராளம். அடியிலிருந்து 60-ல் வைத்தால் நீ சொன்னது நடக்கும்.

பர்கூர்க்காரன்
டிராயிங் தனிச் செய்தியில் அனுப்பிட்டேன் சார். கடைசியா ஒண்ணு. வாங்கி வச்ச ஒரு பெட்டி பாலியெஸ்டர் கார்ட்ரிட்ஜை என்ன பண்றது? கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேங்கறார்.

சைட் மேஸ்திரி தருமபுரி
தேதி பாருங்க. தேதி இருந்தா தரையில பம்ப் பேஸ் பிளேட்டுக்கு, கேபிள் ட்ரே சுவர் பிராக்கெட்டுக்கு போடுங்க. தலைக்கு மேலயும் கைப்பிடிக்கும் மட்டும் வேணாம்.

ஓசூர் ஃபேப்
சேனலும் ஆங்கிளும் கொட்டேஷன் வேணும்னா சொல்லுங்க தம்பி. பீம் அகலத்தை நேர்ல டேப் வச்சு அளந்து அனுப்புங்க. டிராயிங்ல 230 இருக்கும், பூச்சோட 260 வரும், போல்ட் நீளம் பத்தாமப் போயிடும்.